போலிச் சரக்கை எல்லையிலேயே மடக்க வேண்டும்

போலிப் பொருள் என்றாலே பலருக்கும் கைப்பையும் கைக்கடிகாரமும்தான் நினைவுக்கு வருகிறது. யாரோ பெரிய கம்பெனிக்கு நஷ்டம், நமக்கென்ன என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரேக் பேட், சார்ஜர், மாத்திரை, குழந்தைகளின் பொம்மை என்று எல்லாவற்றிலும் போலி வருகிறது. 2021-ல் எல்லை தாண்டிய போலிச் சரக்கின் மதிப்பு சுமார் 46,700 கோடி டாலர் என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் மதிப்பிட்டன. கடை கடையாகப் பிரிந்து போன பிறகு இதை யார் தேடிப் பிடிப்பது? மொத்தமாகக் கையில் சிக்குவது சுங்கத்தில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ல் அமலுக்கு வந்த டிரிப்ஸ் என்ற உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தப்படி, வணிக முத்திரையின் (டிரேட்மார்க்) உரிமையாளர் ஆதாரத்தோடு மனு கொடுத்தால் சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைக்கலாம். 10 வேலை நாளுக்குள் வழக்குப் போடவில்லை என்றால், மேலும் 10 நாள் அவகாசம் வாங்காத வரை, சரக்கை விட்டுவிட வேண்டியதுதான். மனு கொடுத்தவரிடம் பிணைத்தொகையும் கேட்கலாம். பல இடங்களில் கிடங்கு வாடகை, அழிக்கும் செலவு எல்லாம் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. பெரிய பிராண்டுக்கு இது பொருட்டில்லை, சின்ன உற்பத்தியாளர் இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் வக்கீல் வைத்து இதையெல்லாம் செய்வாரா? அதனால் அதிகாரிகள் மனுவுக்குக் காத்திராமல் தாமாகவே நிறுத்துவதை எல்லா நாடுகளும் கட்டாயமாக்க வேண்டும். டிரிப்ஸ் அதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

அப்புறம் பார்சல். கன்டெய்னரில் வந்தது இப்போது சின்னச் சின்ன உறைகளில் வருகிறது, சில சமயம் பொருள் தனியாக, லேபிள் தனியாக. வியாபாரத்துக்கு அல்லாத சிறு சரக்குகளுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு தர டிரிப்ஸ் இடம் கொடுக்கிறது, அந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் ஒரு நல்ல வழி கொண்டு வந்தது: மூன்று பொருளுக்கு மேல் இல்லாத, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான பார்சலில் போலி இருந்தால், பெறுபவருக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்துவிட்டு, உரிமையாளரை ஒவ்வொரு முறையும் கேட்காமலே அழித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். இந்த அதிகாரம் காப்புரிமை (பேட்டன்ட்) சண்டைக்குள் நுழையக் கூடாது. 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன லோசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மருந்தை வழியில் நெதர்லாந்தில், அங்குள்ள காப்புரிமையைக் காட்டி நிறுத்தினார்கள். அது போலி மருந்தே இல்லை, இந்தியா, பிரேசில் இரண்டு நாட்டிலும் சட்டப்படி செல்லும் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி தயாரித்தது. 2010-ல் இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பு வரை போக வேண்டியிருந்தது. வேறொருவர் முத்திரையைத் திருடி ஒட்டிய சரக்கை எத்தனை கடுமையாக வேண்டுமானாலும் பிடியுங்கள், நோயாளிக்குப் போகும் நல்ல மருந்தில் கை வைக்காதீர்கள். பிடித்த போலியை வந்த வழியே திருப்பி அனுப்பவும் வேண்டாம், இன்னொரு துறைமுகம் வழியாக அது மறுபடி வரும். இறக்குமதி செய்தவர் செலவிலேயே அழியுங்கள்.