நாடா வெட்டுவதற்கு மட்டும்தான் பணமா?

ஆற்றங்கரைத் தடுப்புச் சுவரில் வரைந்த மீனுக்கு இரண்டே மழைக்காலத்தில் செதில் உதிர்ந்துவிடுகிறது. மூன்றாவது மழைக்காலத்தில் மீனே இருப்பதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. யாரோ ஓர் ஓவியர் வெயிலில் சாரம் கட்டி நின்று வரைந்தது அது.

உதிர்ந்ததற்கு ஓவியர் காரணமில்லை. அந்தச் சுவரின் மறுபக்கம் முழுக்க ஈரமண். ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரை ஊடுருவி இந்தப் பக்கம் வருகிறது. அக்ரிலிக் வண்ணம் தோல் மாதிரி சுவரை மூடியிருப்பதால், உப்பு அதன் பின்னாலேயே படிகமாகி வண்ணத்தைத் தள்ளி உரிக்கிறது. சுவருக்குப் பின்னால் நீர் வடிய வழி செய்திருக்கலாம். சிலிகேட் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது சுவரின் கனிமத்தோடு பிணைந்துகொண்டு ஈரம் ஆவியாக இடம் விடும். இவ்வளவுக்கும் தேவை, ஓர் ஓவியரும் ஒரு பொறியாளரும் சில வாரங்களுக்கு முன்பே அந்தச் சுவரின் முன்னால் சேர்ந்து நிற்பதுதான். அந்தச் சில வாரங்களைத்தான் யாரும் தருவதில்லை.

ஏன் தருவதில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நிதியாண்டு முடியும் தறுவாயில், செலவாகாத தொகை ஏதோ ஒரு தலைப்பில் மிஞ்சியிருக்கும்போதுதான் கலை நினைவுக்கு வருகிறது. உடனே ஒப்பந்தப்புள்ளி. அதில் சுவரோவியத்துக்குச் சதுர அடிக் கணக்கு! குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அவர் பெரும்பாலும் ஓவியராக இருப்பதில்லை, ஒப்பந்ததாரர். தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தில் ஓர் ஓவியரைப் பிடிக்கிறார். அந்த மிச்சத்துக்குள் வண்ணம், சாரம், கூலி, காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும். யோசிப்பதற்கான கூலி எந்த மதிப்பீட்டிலும் ஒரு வரியாகக்கூட இல்லை. மாதிரி வரைபடம் கேட்பார்கள், அதையும் இலவசமாக. சாலை போடுகிற ஆலோசகரிடம் இப்படிக் கேட்பார்களா?

சிற்பம் என்றால் கதை இன்னும் மோசம். வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று கரையில் குடியிருக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கைகாட்டிச் சொல்வார். அவரைக் கேட்பதில்லை. அழகாகத் தெரியும் இடம் என்று தண்ணீர் ஓரமாகவே பீடம் கட்டுகிறார்கள். வெள்ளம் கொண்டுவரும் மரமும் குப்பையும் வந்து மோதும், அடிமண்ணை நீர் அரிக்கும், பீடம் சாயும். நீர்வளத் துறையின் அனுமதி தேவை என்பது பாதி வேலை முடிந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரை நகரமான கேட்ஸ்ஹெட்டில் 1998இல் 'வடக்கின் தேவதை' சிற்பத்தை நிறுவினார்கள். ஆண்டனி கோர்ம்லி செய்தது. உயரம் 20 மீட்டர், இறக்கையின் அகலம் 54 மீட்டர், எடை சுமார் 200 டன். அதைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொள்ள மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் ஏறக்குறைய 600 டன். கண்ணுக்குத் தெரிவதைப்போல மூன்று மடங்கு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது! செலவான சுமார் 8 லட்சம் பவுண்டில் பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது. எதிர்ப்பும் பலமாகத்தான் இருந்தது. இன்று அந்த ஊரின் அடையாளமே அதுதான். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பார்கள். நான் கேட்பது அந்த அளவை அல்ல, அந்த வரிசையை: முதலில் அடித்தளம், பிறகுதான் சிலை.

பணத்துக்கு வழியே இல்லை என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். பிரான்ஸ் 1951இலேயே பள்ளிக் கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கியது. அமெரிக்க நகரமான பிலடெல்பியா 1959இல் அதே வழியில் சட்டம் கொண்டுவந்தது. கரையைப் பலப்படுத்தவும் பாலம் கட்டவும் பெரிய தொகை வரும்போதே அதில் ஒரு சிறு பங்கைத் தனிக் கணக்கில் போட்டால், ஆண்டுக்கடைசியில் மிச்சத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் கணக்கிலேயே பராமரிப்புக்கும் பூட்டுப் போட்டு ஒரு பகுதியை வைக்க வேண்டும். பராமரிப்பு என்ற சொல்லை எடுத்தாலே கூட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தக் கரையில் நடப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா செய்த நீண்ட எஃகுச் சுவர் வடிவச் சிற்பத்தை 1981இல் ஒரு சதுக்கத்தின் குறுக்கே நிறுத்தினார்கள். தினமும் சுற்றிப் போக வேண்டியிருந்த அலுவலர்கள் கொதித்தார்கள். பொது விசாரணை நடந்தது 1985இல். 1989இல் அதை வெட்டி எடுத்துப் போனார்கள். செர்ராவுக்கும் அது அநியாயம், நடந்துபோனவர்களுக்கும் அநியாயம். கலைஞருக்கும் மக்களுக்கும் இடையில் பேச்சு நடக்க வேண்டியது முதல் நாளில். நான்காம் ஆண்டில் அல்ல.

எனக்குத் தாங்க முடியாதது அந்தக் கல்வெட்டு. சுவரோவியம் உரிந்து கிடக்கிறது. பக்கத்தில் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் பெயர்களெல்லாம் கிரானைட்டில் பளபளக்கின்றன. ஓவியரின் பெயர் எங்கும் இல்லை. எது நீடிக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அதற்குத் தரமான கல் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். பத்தாவது ஆண்டில் இதைக் கழுவிச் சரிசெய்யப்போவது யார், அதற்கான தொகை எந்தத் தலைப்பில் இருக்கிறது? எழுத்தில் பதில் வரும்வரை தீர்மானத்தில் என் கையெழுத்து விழாது.