பூரிக்குள் என்ன புதையலா இருக்கிறது?

நம்மவர்கள் சிலர் இங்கே அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் ஒரு பழைய விடுதிக்குப் போய் அந்த ஊர்ச் சாப்பாட்டைக் கேலி செய்து எடுத்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை நாலாவது ஆளாக ஒருவர் அதை எனக்கே அனுப்பி, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை வேறு போட்டிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன். எந்த வீடியோ என்று கேட்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன்.

பழங்காலத்து விடுதி, தாழ்ந்த உத்தரம், கணப்பு எரிகிறது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மவர் பாப்ஓவர் என்ற உப்பின ரொட்டி ஒன்றைப் பிய்த்து கேமராவில் காட்டி, "உள்ள ஒண்ணுமே இல்ல மக்களே, காத்துக்குக் காசு வாங்குறான்" என்கிறார். ஐயா, பாப்ஓவர் அப்படித்தான் இருக்கும். முட்டை, பால், மாவு, அவ்வளவுதான். சோடாவும் இல்லை, ஈஸ்டும் இல்லை. சூடான அச்சில் ஊற்றினால் நீராவியே அதை ஊதி எழுப்பும். உள்ளே காலியாக வந்தால்தான் பக்குவம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பூரியைக் கிள்ளினால் உள்ளே என்ன புதையலா இருக்கிறது?

ஒருவர் இடத்துக்குச் சாப்பிடப் போனால் அவர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். பிடிக்கவில்லையா, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரலாம். என் கட்சி இவ்வளவுதான்.

அடுத்து, "காரமே இல்லை" என்ற புலம்பல். மாட்டிறைச்சித் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கிண்ணம் இருந்ததே, அது தயிர்ப் பச்சடி இல்லை. ஹார்ஸ்ராடிஷ், கடுகு மாதிரி நெடி ஏறும் ஒரு கிழங்கை அரைத்தது. வீடியோ முழுக்க ஒருவர் கை கூட அதன் பக்கம் போகவில்லை. அரை ஸ்பூன் தொட்டிருந்தால் நாக்கில் நிற்காமல் நேரே மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியிருக்கும். அண்ணன் அங்கேயே கேமராவை அணைத்திருப்பார், நமக்கும் நிம்மதி.

எனக்கும் முதல் தடவை பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009 பனிக்காலத்தில் என் மேலாளர் மாசசூசெட்ஸின் சட்பரியில் இருக்கும் வேய்சைட் இன்னுக்கு அழைத்துப் போனார். 1716இல் ஹோவ் குடும்பம் வழிப்போக்கர்களுக்காகத் திறந்த விடுதி. 1923இல் ஹென்றி ஃபோர்டு வாங்கி, பிறகு பக்கத்தில் தண்ணீரில் சுற்றும் மாவு ஆலை ஒன்றும் கட்டிவைத்தார். நடந்தால் தரை முனகியது. யாங்கி பாட் ரோஸ்ட் வந்தது. முரட்டுக் கறியை கேரட், வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேகவைத்து, கரண்டி பட்டாலே பிரியும்படி செய்திருந்தார்கள். நானும் மனசுக்குள் மிளகாய்ப்பொடியைத்தான் தேடினேன்.

கடைசியாக, "உன் ஊர் இனிப்பு" என்று மேலாளர் வாங்கித் தந்தது இந்தியன் புட்டிங். நம் ஊருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் பூர்வகுடிகளின் மக்காச்சோள மாவை இந்தியன் மாவு என்று அழைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. மாவு, பால், மொலாசஸ் என்ற கறுத்த கரும்புப் பாகு, கொஞ்சம் இஞ்சி. பார்க்கக் கலங்கின பழுப்பாக, அழகே இல்லாமல் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். கருப்பட்டியில் சுக்குத் தட்டிப் போட்ட வாசம். நாக்கில் நறநறவென்று மாவு. அம்மா கிண்டும் களி! அவள் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவாள், இவர்கள் வெனிலா ஐஸ்கிரீம் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் எனக்கு அப்போது ஒரு தெரிந்த முகம் கிடையாது. மேலாளர் எதிரில் அழக் கூடாது என்று தண்ணீர் குடித்தேன்.

"சைவக்காரர்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, சவுடர் என்ற கெட்டி சூப்பில் பன்றி இறைச்சி, பை மாவில் கூட சில இடங்களில் லார்டு, அதுவும் பன்றிக்கொழுப்புதான். முன்கூட்டியே போன் செய்து கேட்கலாம், இல்லாவிட்டால் வேறு இடம் போகலாம். ஆனால் வீடியோ எடுத்தவர் சைவம் இல்லையே?

"உப்புச்சப்பில்லாத சாப்பாட்டுக்கு 45 டாலரா?" மசால் தோசைக்கு 15 டாலர் கொடுக்கிறோமே, அப்போது வாய் எங்கே போனது?

"அந்த மொலாசஸே அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்ததுதானே?" ஆமாம், உண்மை. கரீபியன் தீவுகளின் அந்தக் கணக்கை யாரும் மறைக்க முடியாது. ஆனால் இதைக் கேட்டவர் முந்தின நாள் அதே வீடியோவுக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர். ராத்திரியோடு ராத்திரியாக வரலாறு படித்தாரா?

2021இல் வாஷிங்டன் போஸ்டில் ஒருவர், இந்தியச் சாப்பாடு மொத்தமும் ஒரே மசாலா என்று எழுதியபோது நாம் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டார். அன்று கொந்தளித்த அதே குரூப்பில்தான் இன்று இந்த வீடியோ சுற்றுகிறது.

சாப்பாட்டை விடுங்கள். எனக்கு வலித்தது அந்தப் பரிமாறும் அம்மா. அறுபது வயதிருக்கும். "இட்ஸ் நாட் ஸ்பைசி" என்று நாலு பேர் சேர்ந்து கத்தியதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு ஹாட் சாஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிறார். மூடியை அவரே திறந்தும் கொடுக்கிறார். அந்த இடத்தில்தான் பின்னணியில் காமெடி மியூசிக் போட்டிருக்கிறார்கள். "டிப்ஸ் 10 சதவீதம்தான்" என்று கமெண்டில் பெருமை வேறு. மாசசூசெட்ஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.75 டாலர். மற்றவர்களுக்கு 15. மீதி நம் மேசையிலிருந்துதான் வரணும்.

என் மகள் இரண்டு கோடை விடுமுறையில் இதே மாதிரி ஒரு இடத்தில் மேசை துடைத்தாள். ஒருநாள் காரில் வரும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நம்ம ஆளுங்க உள்ள வந்தா மத்த சர்வர்ங்க எல்லாம் என்னப் பார்ப்பாங்கப்பா. அந்த டேபிள் எனக்குத்தான்." நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த வீடியோ விடுதியில் ஒரு மேசை சொல்லியிருக்கிறேன். ஒரே ஆள். அந்த அம்மாவின் பகுதியில் இடம் கேட்டேன், பெயர் தெரியாது, அடையாளம் சொன்னதும் போனில் இருந்த பெண் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "நீங்கள் அந்த வீடியோ ஆட்களா?" என்று கேட்டாள்.