ஓனருக்கு ஏறினால் விலைவாசி, எனக்கு ஏறினால் தலைவிதி

சென்னையில் மழை பொய்த்தாலும் பொய்க்கும். பதினொரு மாதம் முடிந்ததும் வாடகை ஏறுவது மட்டும் பொய்க்காது. ஏன் என்று கேட்டால் ஓனரிடம் ஒரே பதில்தான்: "விலைவாசி எங்கே போகிறது, பார்க்கிறீர்கள் அல்லவா?"

பார்க்கிறேன் சார். அதே விலைக்குத்தான் நானும் அரிசி வாங்குகிறேன். தக்காளி விலை ஏறினால் உங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் நானே பணம் கட்ட வேண்டுமா? உங்களுக்கு ஏறியதை என்னிடம் வசூலிக்கிறீர்கள். எனக்கு ஏறியதை நான் யாரிடம் போய் வசூலிப்பது? அலுவலகத்தில் கேட்டால் "நிலவரம் சரியில்லை" என்று 4 சதவீதம் போட்டுவிட்டு, அதற்கும் நன்றி சொல்ல வைக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 30,000, வாடகை 15,000 என்று ஒருவர் மேடவாக்கத்தில் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் சரிபாதி; இதுவே அநியாயம். வாடகை ஆண்டுக்கு 10 சதவீதமும் சம்பளம் 4 சதவீதமும் ஏறினால், ஐந்தாவது உயர்வு முடியும்போது வாடகை 24,157 ரூபாய், சம்பளம் சுமார் 36,500. கந்துவட்டிக்காரன் கணக்குப் போல, போன ஆண்டு ஏற்றியதன் மேலேயே இந்த ஆண்டும் ஏற்றுகிறார்கள். சம்பாதிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஓனருக்கு. மிச்சத்தில் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், பஸ், அம்மாவின் மாத்திரை எல்லாம்.

பணவீக்கத்தை 4 சதவீதத்தில் நிறுத்துவதுதான் ரிசர்வ் வங்கியின் இலக்காம். அந்தப் பணவீக்கத்தை அளக்க 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் போட்ட கணக்கில், நகரத்துக் குடும்பத்தின் செலவில் வீட்டுக்கு 21.67 சதவீதம்தான் பங்கு கொடுத்திருந்தார்கள். சொந்த வீட்டுக்காரரையும் வாடகைக்காரரையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்த சராசரி. அந்த 21.67-க்குள் வாடகையை அடக்கிக் குடித்தனம் நடத்தும் புண்ணியவான் யாராவது இந்த ஊரில் இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் இயற்றிய புதுச் சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நல்லது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் இது பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கையில் பெட்டியோடு நிற்கிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே, "வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்."

கரண்ட் பில் இன்னொரு கொள்ளை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை ஓனர் வீட்டு மீட்டரோடு நின்றுவிடுகிறது. சப் மீட்டர் வைத்திருக்கும் எனக்கு முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய். அரசு கொடுத்த மானியத்தைக்கூட நடுவில் மறித்துக்கொள்கிறவர், விலைவாசியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்!

எல்லாவற்றையும் விட என் வயிற்றெரிச்சல் இந்தப் பெயின்ட் காசுதான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். நான் குடிவந்தபோது சமையலறைச் சுவரில் முந்தைய குடும்பம் தாளித்த எண்ணெய்க் கறை அடுப்புக்கு மேலே அப்படியே படிந்திருந்தது. ஆணி அடித்த ஓட்டைகளில் பற்பசையை அப்பியிருந்தார்கள். குளியலறைக் கதவு அடியில் ஊறி உப்பி, இன்றும் தூக்கித்தான் சாத்த வேண்டும். அப்படியானால் அவர்களிடம் பிடித்த காசு எந்தச் சுவரில் பூசப்பட்டது? நாளை நான் போனால் என்னிடமும் பிடிப்பார், எனக்குப் பின்னால் வருகிறவரிடமும் பிடிப்பார். பிடித்துக்கொள்ளுங்கள் சார், பெயின்ட் கடை ரசீதையாவது ஒருமுறை கண்ணில் காட்டுங்கள்.