கிண்டில் வாங்கலாமா என்று கேட்ட நாத்தனார் மகளுக்கு

போன வாரம் நாத்தனார் மகள் வாட்ஸாப்பில் கேட்டாள். "அத்தை, முதல் சம்பளம் வந்தாச்சு. கிண்டில் வாங்கட்டுமா, இல்ல அந்தக் காசுக்குப் புத்தகமாவே வாங்கிடட்டுமா?" கிண்டில் என்றால் அமேசான் விற்கிற, மின்னூல் படிக்கும் கருவி. 'வாங்கு' என்று தட்டப் போய் நிறுத்தினேன். 'வேண்டாம்' என்று தட்டவும் மனசு வரவில்லை. இரண்டு நாளாக அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன். அது நீண்டுபோய்விட்டதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் என் சார்பைச் சொல்லிவிட வேண்டும். நான் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம், ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இருபது வருஷமாக அச்சுப் புத்தகம் போடும் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். அதனாலேயே "புத்தக வாசனை கிண்டில்ல வருமா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். புது வாசனை என்பது பைண்டிங் பசையும் மையும். பழைய வாசனை என்பது காகிதம் மக்குவது. இராமபாணப் பூச்சிக்கும் அந்த வாசனை பிடிக்கும்போலிருக்கிறது. என் அலமாரியில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தது அது ஒன்றுதான்.

2016 கடைசியில் அமேசான் கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்களை முறையாக விற்க ஆரம்பித்தார்கள். அடுத்த சில மாதத்திலேயே நான் ஒன்று வாங்கிவிட்டேன். வாடகை வீடு மாறும்போதெல்லாம் பதினான்கு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலுப்பு. லாரிக்காரர் முதல் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கையில் வந்த கருவி கால் கிலோகூட இல்லை. பரவசம்தான்.

"ஃபோன்லயே படிச்சுக்கலாமே, தனியா எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். இரண்டு திரையும் ஒன்றல்ல. ஃபோன் திரை உள்ளிருந்து வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கிறது. கிண்டிலில் இருப்பது மின்மைத் திரை, அதாவது இ-இங்க். அதில் முடியின் பருமனே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும். அவ்வளவுதான் எழுத்து. மேலே வந்த துகள் அங்கேயே நின்றுவிடும், பிடித்துவைக்க மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. பேட்டரி வாரக்கணக்கில் வருவது அதனால்தான். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் ஃபோன் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். இதிலோ காகிதம்போல எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும். இப்போது வருகிற கருவிகளில் பின்னாலிருந்து அடிக்காமல் ஓரத்திலிருந்து திரைமேல் படர்கிற விளக்கு இருப்பதால் இரவிலும் படிக்கலாம். கண்ணுக்கு இதமா என்றால், எனக்கு இதம்தான். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் ஒற்று பார்க்கிற கண்ணுக்கு அது பெரிய விஷயம்.

அந்த முதல் கருவியை நானேதான் கொன்றேன். கும்பகோணம் பேருந்தில் பைக்குள் அதன்மேல் அம்மாவுக்கு வாங்கிய எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டேன். இறங்கி எடுத்தபோது மேல்பாதியில் நான் கடைசியாகப் படித்த பத்தி அப்படியே நின்றது, கீழ்ப்பாதி கோடு கோடாக. அணைத்தாலும் அந்தப் பத்தி போகவில்லை. துகள் நின்ற இடத்தில் நிற்கும் என்று சொன்னேனே, அது இதற்கும் பொருந்தும். அரைப் பத்தியோடு ஒரு வருஷம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. புத்தகத்தின் மேல் தூக்கை வைத்திருந்தால் அட்டை மடிந்திருக்கும், அவ்வளவுதானே என்று வீட்டுக்காரர் சொல்லிக் காட்டினார்.

அடுத்ததும் வாங்கினேன். ஆக, வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். ஆனால் ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இருக்கிற கிண்டில் வேறு, தமிழ் வாசகருக்குக் கிடைக்கிற கிண்டில் வேறு.

ஆங்கிலத்தில் புத்தகம் வெளிவரும் நாளிலேயே மின்னூலும் வந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் புத்தகங்களில், நான் தேடுவதில் பாதிக்கு மின்னூல் கிடையாது. பதிப்பாளர்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். அவர்களிடம் இருக்கும் பழைய கோப்புகள் பல, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வருமுன் இருந்த எழுத்துருக்களில் தட்டியவை. அதை மாற்றுகிற வேலையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாற்றிமுடித்துப் பார்த்தால் 'ஔவை' என்பது 'ஒ', 'ள', 'வை' என்று மூன்று துண்டாக நிற்பாள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் 'ஔவை' என்று தேடினால் வரமாட்டாள். கால் வர வேண்டிய இடத்தில் 'ர' வந்து உட்காரும். கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக அலையும். அதைக் கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்ட மின்னூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, பென்சில் வைக்க இடமில்லாமல் தவித்திருக்கிறேன். எந்தப் பதிப்பகம் என்று கேட்காதீர்கள். அடுத்த மாதம் அவர்களிடமிருந்தே வேலை வரலாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் தட்டி, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய சங்க இலக்கியமும் பிறவும் இலவசமாகக் கிடக்கின்றன. நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களும் அங்கே நிறைய. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் போனால் மின்னூலுக்கான இபப் கோப்பும், ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் தனியாக வைத்திருக்கிறார்கள். கருவி வைத்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு. சங்க இலக்கியம் ஒரு பக்கம், பாரதி ஒரு பக்கம், புதுமைப்பித்தன் ஒரு பக்கம் என்று படிக்கிறவர்களுக்கு கருவியின் விலை மட்டும்தான் செலவு. ஆனால் தமிழ் மின்னூலகத்திலும் ஈழத்து நூலகம் தளத்திலும் இருக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவை. ஆறு அங்குலத்தில் அவற்றைத் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்படும். அதற்குப் பெரிய டேப்லெட்தான் சரி.

அப்புறம் அம்மா கதை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆன பிறகும் பொடி எழுத்து முடியவில்லை. வீட்டில் பொன்னியின் செல்வன் பைண்டு வால்யூம் இருக்கிறது. 1950களில் கல்கி இதழில் தொடராக வந்தபோது தாத்தா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைக்கக் கொடுத்தது. பக்கத்தைத் திருப்பினால் ஓரம் அப்பளம்போல உடைகிறது. சரி என்று கல்கியின் ஐந்து பாகத்தையும் கருவியில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். வரிக்கு மூன்று சொல், நான்கு சொல்தான் நின்றது. நீளமான சொல் வந்தால் வரி நடுவில் ஆற்றுப்படுகை மாதிரி இடைவெளி. அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. முதல் நாள் புகார் வேறு.

"கட்டைவிரல் பட்டாலே ஓடிடுதுடி. எந்தப் பக்கத்துல இருந்தேன்னே தெரியல."

இரண்டாம் நாள், "முப்பத்தேழு சதவீதம்னு போட்டிருக்கு. அப்படின்னா எத்தனாம் பக்கம்?"

மூன்றாம் நாள் ஃபோனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணியம் படம் ஒண்ணுகூட இல்லையே" என்றாள்.

தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியங்களோடுதான் அம்மாவுக்கு அந்தக் கதை. நந்தினியின் கொண்டை எப்படி இருக்கும் என்பது அவளுக்குச் சொல்லால் தெரிந்ததல்ல. இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? கருவியில் படிக்கிறாள். மடியில் பழைய பைண்டை மூடியே வைத்துக்கொள்கிறாள். புது ஆள் யாராவது கதைக்குள் வந்தால் பைண்டை மெதுவாகத் திறந்து படம் பார்த்து மூடிவிடுகிறாள். ஒரு மாதத்தில் மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஐந்து பக்கம்தான் போகும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால், அவர்களுக்காக மட்டுமே இந்தக் கருவியை வாங்கலாம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எனக்கு உறுத்துவது வேறு. 'வாங்குகிறோம்' என்ற சொல். 2009இல் அமெரிக்காவில், ஆர்வெல்லின் '1984' நாவலைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் அதைத் தூரத்திலிருந்தே அழித்தது. விற்ற நிறுவனத்துக்கு விற்கும் உரிமை இல்லாமல் போனதுதான் காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். போயும் போயும் அந்த நாவலிடமா இதைச் செய்ய வேண்டும்! 2025 பிப்ரவரி 26க்குப் பிறகு, வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நாம் வாங்குவது படிக்கும் உரிமம்தான், புத்தகம் இல்லை. சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஒப்புக்கொண்டுதான் பொத்தானை அழுத்துகிறோம். ஆனால் தாத்தா தைத்த பைண்டை அம்மாவுக்குக் கொடுத்த மாதிரி என் கிண்டில் நூலகத்தை நான் யாருக்கும் கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாவல் கேட்டால் கருவியையே கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் திருப்பித் தருகிறவரை நான் பட்டினி.

காகிதம் மட்டும் சாசுவதமா என்று கேட்பீர்கள். இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகம் தளத்தில் அவர்கள் ஓயாமல் படமெடுத்து ஏற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்தான் நினைவுக்கு வரும். அதனால் நான் மின்கோப்புக்கு எதிரி இல்லை. வேறு கருவிக்கு மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்ட மின்கோப்புக்குத்தான் எதிரி. பூட்டில்லாத இபப் கிடைக்குமென்றால் அதையே வாங்குவேன், இரண்டு இடத்தில் பிரதியும் எடுத்து வைப்பேன்.

காசுக் கணக்குக்கு வருவோம். நான் கடைசியாக விசாரித்தபோது நல்ல மாடல் 16,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. மின்னூலில் ஒரு புத்தகத்துக்கு நூறு ரூபாய் மிச்சமாகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், கருவிக் காசு திரும்ப 160 புத்தகம் படிக்க வேண்டும். மாதம் இரண்டு படிக்கிறவருக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் எவர்சில்வர் தூக்கு வராமல் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தலைகீழாகிற ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி இலக்கியக்காரர்கள் பேசவே மாட்டார்கள். குடும்ப நாவல் படிக்கும் பெண்கள். கிண்டில் அன்லிமிடெடில் மாதச் சந்தா கட்டி, மாதம் பத்து பன்னிரண்டு நாவலைச் சாதாரணமாக முடிக்கிறார்கள். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அதற்கேற்பப் பணம் வருகிறது, யாரிடமும் போய் ராயல்டி கேட்டு நிற்க வேண்டியதில்லை. நான் திருத்திக் கொடுத்த கவிதைத் தொகுப்பு ஒன்று 300 பிரதி அச்சிட்டு, பாதி இன்னும் கவிஞரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தமிழில் கிண்டிலை உண்மையாகவே பயன்படுத்தியவர்கள் யார் என்று கேட்டால் நான் இந்தப் பெண்களைத்தான் காட்டுவேன்.

எனக்குள் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒருமுறை படித்துவிட்டுப் போகிற ஆங்கிலத் துப்பறியும் கதை, பயணத்துக்கு எடுத்துப் போகும் கனமான வரலாற்று நூல், மதுரைத் திட்டத்துப் பழம்பாடல்கள் எல்லாம் கருவியில். கவிதை காகிதத்தில் மட்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் மின்னூலில் வரி இஷ்டத்துக்கு உடைகிறது, கவிஞர் உடைத்த இடம் எது, கருவி உடைத்த இடம் எது என்று தெரிவதில்லை. அகராதி, சமையல் புத்தகம், படம் உள்ளது எதையும் கருவியில் தொடுவதில்லை. வாழும் தமிழ் எழுத்தாளர்களின் புதுப் புத்தகமும் காகிதத்தில்தான். அதில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆக, நாத்தனார் மகளுக்கு நான் கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "நீ கடைசியாகப் படித்த பத்துப் புத்தகத்தை எழுது. ஒவ்வொன்றும் மின்னூலாகக் கிடைக்கிறதா என்று தேடிப் பார். ஆறுக்கு மேல் வந்தால் வாங்கு. இல்லையென்றால் ஜனவரி வரைக்கும் காசைப் பத்திரமாக வை, நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகலாம்."

ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "எழுதிட்டேன் அத்தை. பத்துல ஏழு நம்ம கிளை நூலகத்துல எடுத்தது. அதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"