சிம்லாவிலிருந்து பனிக்கண்டத்துக்குப் போன சிம்சன்

பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டின் கடைசித் தென்துருவப் பயணத்தைப் பற்றி யார் எழுதினாலும், துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் மாண்ட ஐவரே நினைவுகூரப்படுகிறார்கள். அப்பயணத்தின் வானிலையாளர் ஜார்ஜ் சிம்சனுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. இது நியாயமில்லை என்று கருதுகிறேன். ஏனெனில் அந்த ஐவரின் மரணத்தைப் பற்றி இன்று நாம் ஆதாரத்தோடு ஏதேனும் பேச முடிகிறதென்றால், அதற்கு அவருடைய குறிப்பேடுகளும் ஒரு முக்கியக் காரணம்.

சிம்சன் 1906 முதல் சிம்லாவில், கில்பர்ட் வாக்கர் தலைமையிலிருந்த இந்திய வானிலைத் துறையில் பணிபுரிந்தவர். அங்கிருந்துதான் ஸ்காட்டின் குழுவில் சேர்ந்து, 1911 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் ராஸ் தீவின் கேப் எவன்ஸில் இறங்கினார். மரக்குடிலின் ஒரு மூலை அவருடைய ஆய்வகமாயிற்று. பனிப்புயல் அடிக்கும்போதெல்லாம் காற்றுமானியின் குழாயில் பனித்துகள் அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்றிலேயே வெளியே போய் அதை நீக்கினால்தான் பதிவு அறுபடாது. மேல்வளி வெப்பத்தை அறிய, ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் சிறு பதிவுக்கருவியைக் கட்டி, நீண்ட பட்டுநூல் தொடர அதைப் பறக்கவிடுவார். மெல்லப் புகைந்து எரியும் திரி ஒன்று குறித்த நேரத்தில் கருவியைப் பலூனிலிருந்து பிரித்துவிடும். பிறகு அந்த நூலைப் பிடித்துக்கொண்டே கடற்பனியில் நடந்துபோய், கருவி விழுந்த இடத்தைத் தேட வேண்டும். நூல் அறுந்துபோனால் கருவியும் போயிற்று, அதிலிருந்த தரவும் போயிற்று.

குடிலுக்குத் தொலைவில் வைத்திருந்த வெப்பமானிகளைப் பார்த்துவருவதும் எளிதாக இருக்கவில்லை. 1911 ஜூலை 4 அன்று, சூரியனே எழாத குளிர்காலத்தில், அப்படிப் போன மருத்துவர் அட்கின்சன் பனிப்புயலில் வழிதவறிப் பல மணி நேரம் அலைந்தார். நள்ளிரவை ஒட்டித் திரும்பியபோது அவர் கை உறைந்து, விரல்கள் கொப்புளித்திருந்தன. ஓர் எண்ணுக்காகக் கொடுத்த விலை அது. துருவத்தை நோக்கிச் சறுக்குவண்டி இழுத்துப் போனவர்களும் அளவிடுவதை விடவில்லை. களைத்துப்போய்க் கூடாரம் அடித்த பிறகும், மாண்ட ஐவரில் ஒருவரான பவர்ஸ் வானிலைக் குறிப்பேட்டை எழுதிவந்தார்.

சிம்லாவிலிருந்து அழைப்பு வந்ததால் 1912 மார்ச்சில் சிம்சன் கப்பலேறினார். குழுவின் இயற்பியலாளர் சார்லஸ் ரைட் அந்தப் பணியைத் தொடர்ந்தார். துருவத்திலிருந்து திரும்பும் வழியில், கடல்மேல் பரந்த ராஸ் பனித்தட்டில் ஸ்காட் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆய்வை எழுதி முடிக்கச் சிம்சனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதன் முதல் தொகுதி 1919இல் வெளியானது, அதுவும் கல்கத்தாவில்.

அந்த மார்ச் மாதத்தின் கடுங்குளிர் வழக்கத்துக்கு மாறானது என்பது சிம்சனின் முடிவு. ஸ்காட்டின் திட்டமிடல் பிழைகளுக்குச் சொல்லும் சமாதானமாகவே பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1980களிலிருந்து ராஸ் பனித்தட்டில் இயங்கிவரும் தானியங்கி நிலையங்களின் அளவீடுகளோடு பழைய குறிப்புகளை ஒப்பிட்ட வளிமண்டல ஆய்வாளர்கள் சூசன் சாலமனும் சார்லஸ் ஸ்டேர்ன்ஸும், 1999இல் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்; மறுப்பதற்கும் அவர்கள் அதே பதிவுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. திட்டமிடலில் பிழையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஸ்காட்டை வீரர் என்றோ அறிவிலி என்றோ தீர்ப்பெழுதுகிறவர்கள், அதற்குமுன் சிம்சன் தொகுத்த வெப்பநிலை அட்டவணைகளை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.