எங்கள் கதைகாரர்களும் அவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஊரும்

பழைய தலைமுறை நாவலாசிரியர்களான டானியலோடும் செங்கை ஆழியானோடும் எங்கள் ஊர் நாவல் முடிந்துவிட்டது, இப்போது எழுதுகிறவர்கள் எல்லாம் முகநூல் லைக்குக்கு எழுதுகிறவர்கள் என்ற கதை யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் நல்ல வாசகர்கள், வயதிலும் பெரியவர்கள். அந்த மரியாதை குறையாமலே மறுக்கிறேன். இது தவறான கதை மட்டுமல்ல, இப்போது எழுத வருகிற பிள்ளைகளின் மனதை முறிக்கிற கதையும்கூட.

போர் முடிந்த 2009க்குப் பிறகு வந்ததை மட்டும் எடுத்துப் பாருங்கள். தமிழ்க்கவி அம்மா வன்னியின் கடைசி இடப்பெயர்வை 'ஊழிக்காலம்' என்று நாவலாக எழுதிவைத்தார். 2015இல் வந்த சயந்தனின் 'ஆதிரை', மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய சனத்தைக் கதையின் நடுவில் இருத்தியது. யாழ்ப்பாணத்தார் நாங்கள் அந்தச் சனத்தை எப்படி நடத்தினோம் என்பதைத் தலையணைத் தடிப்பில் ஒரு நாவல் எங்களிடமே கேட்டது. யதார்த்தனின் 'நகுலாத்தை' இன்னொரு திசையிலிருந்து அதே மண்ணுக்குள் இறங்கியது. தாட்சாயணி சத்தமில்லாமல் வருசக்கணக்காக நல்ல சிறுகதைகள் எழுதிக்கொண்டிருக்கிறார். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியை இன்று தமிழ் வாசிக்கிற எந்த நாட்டிலும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2024இல் வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' பிரிட்டனில் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. அவர் அமெரிக்காவில் இருப்பவர், ஆனால் நாவலின் வீடும் ஒழுங்கையும் யாழ்ப்பாணம். இவ்வளவும் இருக்க, எங்கே முடிந்தது நாவல்?

நான் உண்மையில் எழுத வந்தது இந்தப் பட்டியலுக்காக அல்ல. இந்தச் சாதனைகளைத் தனித்தனி ஆட்களின் கெட்டித்தனமாக மட்டும் பேசுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. எழுதுவது தனியாகத்தான். ஆனால் ஒரு கதை வாசகரிடம் வந்துசேர ஒரு ஊரே வேலை செய்கிறது. அந்த வேலையை யாரும் மேடையில் சொல்வதில்லை.

டொமினிக் ஜீவா சலூனில் தொழில் செய்துகொண்டே 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். கையில் இதழ்க் கட்டோடு தெருத் தெருவாக நடந்து விற்றார். அட்டையில் எங்கள் எழுத்தாளர்களின் முகங்களைப் போட்டார், சிங்கள எழுத்தாளர்களையும் சேர்த்து. உயிரோடு இருக்கிற ஒரு எழுத்தாளருக்குத் தன் முகத்தை அட்டையில் பார்ப்பது என்ன தெம்பு கொடுத்திருக்கும்! 2012 வரை 400 இதழ்களைத் தாண்டி அது வந்தது. இடையில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகையும் சஞ்சிகையும் அச்சடித்து, குப்பி விளக்கில் வாசித்த ஊர் இது. அல்வாயிலிருந்து பரணீதரன் 2007இல் தொடங்கிய ஜீவநதி சஞ்சிகை இன்றைக்கும் வருகிறது. முதல் கதையை அங்கே அனுப்பி, அச்சில் பார்த்து, அதற்குப் பிறகே தன்னை எழுத்தாளர் என்று நம்பத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த ஊரின் பிள்ளை இன்று இரவு படுத்துக்கொண்டே போனில் நூலகம் இணையத்தளத்தைத் திறந்து 'அலை'யின் பழைய இதழ்களை வாசிக்கிறது. 2005இலிருந்து அங்கே பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து ஏற்றுகிறவர்களில் எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்?

ஆதரவு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். எங்கள் வாசகர் வட்டத்தில் கதையைப் போட்டோக் கொப்பி எடுத்து முதலே எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு ஒரு இளம் தம்பியின் கதை. தோட்டக்காரக் குடும்பம், தகப்பனுக்கும் மகனுக்கும் பிணக்கு, நல்ல மொழி. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மூலைக்குள் இருந்த ஐயா ஒருவர், ஆயுள் முழுக்கத் தோட்டம் செய்தவர், தாளைப் பென்சிலால் கோடடித்துக்கொண்டு வந்திருந்தார். “தம்பி, ஆடியிலை ஆர் புகையிலை நட்டவை? மாரி மழை விட்டு மார்கழி, தையிலைதான் கண்டு வைக்கிறது. உம்மடை கதையிலை தேப்பன் வேர்க்கிற வேர்வைக்கு ஆடிதான் வேணுமெண்டால் அவரை வெங்காயத்துக்கு இறைக்க விடும்” என்றார். தம்பி அதிலேயே குறித்துக்கொண்டார். பிறகு வந்த கதையில் தகப்பன் நடுமத்தியானத்தில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கிறார், மகன் வந்து கதைக்கத் தொடங்குகிறான், தகப்பன் நிமிராமலே வாய்க்காலை வெட்டிவிடுகிறார். கதையின் ஆகச் சிறந்த இடம் அதுதான். புகையிலை நட்டிருந்தால் அந்த இடமே வந்திருக்காது. பத்து நயவுரை சேர்ந்தாலும் செய்ய முடியாததை அந்த ஐயாவின் பென்சில் செய்தது.

வெளியீட்டு விழாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்வலப் கொடுத்துப் புத்தகம் வாங்குகிற எங்கள் பழக்கத்தைச் சிலர் கேவலமாகப் பேசுகிறார்கள், கலியாண வீட்டு மொய் மாதிரி என்று. எனக்கு அதில் பெரிய மதிப்பு இருக்கிறது. இங்கே ஒரு சிறுகதைத் தொகுதி 300, 500 பிரதிதான் அடிக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாளின் விலை எங்கே போய் நிற்கிறது என்று அச்சகக்காரரைக் கேட்டால் தெரியும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறபோது, இரண்டு புத்தகத்தின் காசை என்வலப்பில் வைத்து ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகிற ரீச்சர்மாரும் பென்சனியர்மாரும்தான் இந்த ஊரின் பதிப்புத்துறையைத் தாங்குகிறார்கள். அன்றிரவு வீட்டில் அந்த என்வலப்புகளைப் பிரித்து, கொப்பியில் பெயர் எழுதி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் எடுத்துவைக்கிற எழுத்தாளரின் மனைவியை எனக்குத் தெரியும். இது பிச்சையல்ல, கூட்டு முதலீடு.

மாற வேண்டியது மேடைதான். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து, கதிரைகள் பாதி காலியான பிறகு எழுத்தாளருக்கு ஏற்புரை. வாழ்த்துரையில் இரண்டைக் குறைத்துவிட்டு அவரையே தன் கதையில் இரண்டு பக்கம் வாசிக்க விடுங்கள். நேரத்தையும் பாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி இருட்டினபிறகு முடிகிற கூட்டத்துக்கு வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய பெண்பிள்ளை எப்படி வருவாள்? வந்தாலும் கலந்துரையாடல் தொடங்கும்போது அவள் எழும்ப வேண்டும். அறுபதுகளிலேயே எழுதத் தொடங்கிய குந்தவையின் முதல் தொகுதி 2002இல்தான் வந்தது. அவ்வளவு அருமையான கதைகாரிக்கே நாற்பது வருசக் காத்திருப்பு. இன்னொரு பிள்ளையை அப்படிக் காக்க வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. காலை ஒன்பதரைக்கு வையுங்கள், பன்னிரண்டுக்கு முடியுங்கள். நாங்கள் அப்படி மாற்றிய பிறகு வருகிற பெண்களின் தொகை கண்முன்னே கூடியிருக்கிறது. கதை கொண்டுவருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற உறவுகளுக்கு ஒன்று. ஊரிலிருந்து ஒரு புத்தகம் வருகிறதென்றால் வாழ்த்துப் போடுகிறீர்கள், நன்றி. அதோடு ஏதாவது ஒரு சஞ்சிகைக்கு உங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு வருசச் சந்தா கட்டிவிடுங்கள். நூலகத்து மேசையில் மாதாமாதம் அது கிடந்தால், தேடாத பிள்ளையின் கையிலும் ஒருநாள் அகப்படும். ரீச்சர்மாரே, உயர்தரத் தமிழ் வகுப்பில் இன்று இந்த மண்ணில் எழுதுகிறவரின் ஒரு சிறுகதையைப் பாடத்துக்கு வெளியே வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் எழுதியவரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். இங்கே பெரும்பாலும் அவர் பக்கத்து ஊரில்தான் இருப்பார், கூப்பிட்டால் சைக்கிளில் வந்துவிடுவார்.