எங்கள் ஊர்ச் சுவரில் எங்கள் ஊர் எங்கே?

பேருந்து நிலையச் சுவருக்குப் போன மாதம் படம் வரைந்தார்கள். மயில், மாடுபிடி வீரர், பரதம் ஆடும் பெண், முண்டாசு பாரதி. வரைந்த பிள்ளைகளின் கை தேர்ந்த கை, அதில் குறையே இல்லை. ஆனால் இதே மயில் பக்கத்து ஊர்ப் பாலத்தடியிலும் நிற்கிறது. எங்களுடையது நெசவு ஊர். அவ்வளவு நீளச் சுவரில் ஒரு தறி கூட இல்லை.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பாவடியைத் தாண்டித்தான் போவோம். தறிக்குப் போகும் பாவு நூலை விரிக்கும் திறந்தவெளி அது. விடியும் முன்பே நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். பாட்டிமார்கள் நடந்துகொண்டே, அறுந்த இழையைக் கண் பார்க்காமல் விரலாலேயே தேடி முடிச்சுப் போடுவார்கள். அந்தக் கஞ்சி வாசனை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. இப்போது அங்கே வேன் நிறுத்துகிறார்கள். என் மகளுக்குப் பாவடி என்றால் பேருந்து நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான்.

கனடாவில் வான்கூவர் தீவில் செமைனஸ் என்று ஒரு சிற்றூர். மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைத்த ஊர். 1982-ல் ஐந்து சுவர்களில் ஓவியம் தொடங்கினார்கள். மறு வருஷமே ஆலையை மூடிவிட்டார்கள். ஆனாலும் வரைவதை நிறுத்தவில்லை. என்ன வரைந்தார்கள் என்பதுதான் விஷயம். காட்டில் மரம் இழுத்த நீராவி எந்திரம், பாலத்தில் போகும் ரயில், அந்த மண்ணின் பூர்வகுடிகளின் முகங்கள். எல்லாம் அந்த ஊரின் கதை. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. நடைபாதையில் மஞ்சள் பாதச்சுவடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஊரையே பார்த்துவிடலாம். ஆலை பிறகு சின்ன அளவில் திறந்தது. ஆனால் வெளியூர்க்காரர்கள் அங்கே போவது சுவர்களைப் பார்க்கத்தான்.

நம்மிடம் கை இல்லையா என்ன? ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை போன போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைத் தடுத்து ஓவியம் வரையவைத்தபோது, பேனர் வரைந்து பிழைத்த பலருக்கு அதில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை.

அப்படி ஒரு அண்ணனை அந்தச் சுவர் முன்னால் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தை நகத்தால் லேசாகத் தொட்டார். மயிலின் கால் அப்பளம் மாதிரி உரிந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"ஓதம் ஏறின சுவர் தம்பி. சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடிச்சிருக்கணும். மேலேயே அடிச்சுட்டாங்க. ஐப்பசி மழைக்கு நிக்காது."

உரிந்த துண்டைக் கீழே போட மனசில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வாய்க்கால் கரைச் சுவர் என்கிறார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் வரைவதற்கு முன்னால் தெருத்தெருவாகப் போய்ப் பழைய போட்டோக்களைக் கேளுங்கள். ஊர்க் கைகளைக் கூப்பிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் திருத்தி வரைவதற்கும் இப்போதே கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் பாவடிப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பாவு தெளிவாகத் தெரிகிறது. அடுத்த வார்டு கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். உங்கள் வீட்டில் இருந்தாலும் கொண்டுவாருங்கள்.